கல்லடியில் கற்பூரம்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. நான் தாதியாக வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இதைக் கொஞ்சம் மரியாதையாகச் சொல்வார்கள். என் கணவர் மரியாதை பார்க்காமல் சொல்வார். யாருக்காவது ஒரு கஷ்டம் என்று காதில் விழுந்தால் போதும், கேட்காமலே அதற்குள் இறங்கிவிடுவேன். முதலில் புத்திமதி, பிறகு உதவி, இரண்டும் சரிவராவிட்டால் சாமிக்கு நேர்த்தி. நாங்கள் இருக்கும் கிரெய்கிபர்னில் இருந்து கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போவதென்றால் மெல்பேர்னைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட வேண்டும். தம்பியின் பெயருக்கு அர்ச்சனை செய்ய அந்த வருடம் எத்தனை தடவை ஓடினேன் என்று எனக்கே தெரியாது.

தம்பி என்னைவிட ஒன்பது வயது இளையவன். பதினொரு வருடமாகப் பிரான்சில் இருக்கிறான், விசா இல்லாமல். அவனுடைய அகதி வழக்கை இரண்டு தடவை நிராகரித்துவிட்டார்கள். பாரிசில் பொலிஸ் மறித்து மறித்துக் கேட்கிறது என்று அங்கிருந்து கழன்று, நாட்டின் மேற்கு மூலையில் பிரெத்தாஞ் என்ற பகுதியில், யாருக்கும் பெயர் தெரியாத ஒரு சிறிய ஊரில் குசினி வேலைக்குப் போய்ச் சேர்ந்தான். அந்த உணவகத்தை நடத்தும் அம்மா நல்ல மனுசி. அவர் கையெழுத்துப் போட்டு, அவன் செய்யும் வேலையைக் காரணம் காட்டி, விசாக் காட்டுக்கு, அதாவது வதிவிட அட்டைக்கு, விண்ணப்பம் கொடுத்திருந்தார். ஓகஸ்ட் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நேரில் வரும்படி குடிவரவுக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. அந்தக் காட் கிடைத்தால் அவன் பயமில்லாமல் தெருவில் நடக்கலாம், என்னிடம் விமானம் ஏறி வரலாம். கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போ என்று இன்னொரு கடிதம் வரும். இந்த நேரத்தில் பொலிஸ் சம்பந்தமாகச் சின்னத் தூசிகூட மேலே படக்கூடாது என்று வக்கீல் அவனை எச்சரித்திருந்தார். அதை அவன் எனக்கும் போனில் மூன்று தடவை சொன்னான்.

நான் கேட்டுவிட்டு லீவு போட்டு டிக்கெட் எடுத்தேன்.

"அக்கா, நீங்கள் வந்து என்ன செய்யப் போறியள்?" என்றான்.

"நான் ஊர் பாக்க வாறன். எல்லா வெள்ளைக்காரரும் போய்ப் பாக்கினம் தானே, நான் பாத்தால் என்ன?"

அவன் சிரித்தானா, பெருமூச்சு விட்டானா என்று போனில் பிடிபடவில்லை. பத்தொன்பது வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. நான் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அவன் மீசை அரும்பிய பெடியன். ரயில் நிலையத்தில் எனக்காக நின்றவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. கட்டிப் பிடிக்கப் போனேன். அவன் என் கையில் இருந்த பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, "வாங்கோ" என்று முன்னால் நடந்தான். இரண்டு ஒழுங்கை தாண்டி, ஒரு சுவர் மறைவுக்கு வந்த பிறகுதான் பெட்டியை நிலத்தில் வைத்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நானும் அழுதேன். எனக்கு உள்ளுக்குள் கோபமும் வந்தது. அக்காவைக் கட்டிப் பிடித்து அழுவதற்கு ஒரு மனிதன் மறைவு தேட வேண்டுமா என்று.

ஊர் அழகான ஊர்தான். வீடுகள் எல்லாம் கருங்கல், கூரை எல்லாம் கறுத்த பலகைக்கல், ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சாடி. தேவாலய முற்றத்தில் இயேசுவைச் சிலுவையில் அறைந்த கதை முழுவதையும் சின்னச் சின்ன ஆட்களாகக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். பாதி இடிந்த கோட்டை ஒன்று, அதன் கீழே கால்வாய், கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மரக்கதவுகள். நான் தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகச் சுற்றினேன். தம்பி வேலை செய்யும் கடையின் குசினி ஜன்னல் ஒழுங்கைப் பக்கம் திறந்திருக்கும். அதால் எட்டிப் பார்த்தால் அவன் பெரிய வட்டத் தட்டில் கறுத்த மாவை ஊற்றி, மரக்கட்டையால் இழுத்து, முட்டையை உடைத்து ஊற்றி, நாலு பக்கமும் மடித்துக்கொண்டிருப்பான். எங்கள் தோசைக்கு உறவுதான், ஆனால் புளிப்பில்லை. சம்பல் ஒன்று இருந்தால் சாப்பிடலாம் என்று சொன்னேன். அவர்களுடைய நூற்றாண்டுப் பலகாரத்துக்கு நான் சம்பல் கேட்டதாக முதலாளி அம்மாவுக்கு மொழிபெயர்க்க அவன் மறுத்துவிட்டான்.

முதல் நாளே எனக்குச் சட்டங்கள் சொல்லித் தந்தான். றோட்டில் சத்தமாகக் கதைக்கக் கூடாது. சந்தை நாளில் சதுக்கத்துப் பக்கம் அவனோடு சேர்ந்து போகக் கூடாது, அங்கே ஜொந்தார்ம் என்று அவர்கள் சொல்லும் கிராமத்துப் பொலிஸ் வண்டி நிற்கும். சைக்கிளில் போனால் தலைக்கவசம், லைட், மணி எல்லாம் சரியாக இருக்க வேண்டும், மறிப்பதற்கு ஒரு சாட்டு அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. அவனுடைய அறையில் சாம்பிராணி, கற்பூரம் ஒன்றும் கொளுத்தக் கூடாது, கூரையில் புகை மணி இருக்கிறது. கடைசிச் சட்டம்தான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. கேரம் டவுன்சில் சாமியிடம் வைத்து எடுத்த விபூதி, கற்பூரம், சந்தனம், குங்குமம், ஒரு குட்டிப் போத்தலில் நல்லெண்ணெய் எல்லாம் பத்திரமாகக் கொண்டு வந்திருந்தேன். வியாழக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கற்பூரம்கூடக் காட்டாமல் அவனை எப்படி அந்தக் கந்தோருக்கு அனுப்புவது?

திங்கட்கிழமை கடைக்கு லீவு. காலையில் இரண்டு சைக்கிள்களை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையால் போனோம். நான் முதல் நாள் அவித்த புட்டையும் முட்டைப் பொரியலையும் இரண்டு பார்சலாகக் கட்டி என் பையில் வைத்திருந்தேன். கேரம் டவுன்ஸ் சாமான்களும் ஒரு நெருப்புப்பெட்டியும் அதே பையின் அடியில் கிடந்தன. கரையோரம் நடப்பவர்கள், ஓடுபவர்கள், நாய் கொண்டு போகிறவர்கள் எல்லாரும் "போன்ஜூர்" என்றார்கள். தம்பியும் எல்லாருக்கும் "போன்ஜூர்" என்றான். அந்த ஊரில் அவனுக்குத் தெரியாத ஒற்றையடிப் பாதை இல்லை. பெரிய றோட்டில் போகப் பயப்படுகிறவனுக்குக் காட்டுப் பாதைகள் மனப்பாடமாகிவிடும்.

கால்வாயை விட்டுப் பிரிந்து ஒரு மேட்டில் ஏறினோம். மேலே மரம் இல்லை. இடுப்பளவு முட்பற்றைகளும் காய்ந்த புல்லும்தான். கீழே ஒரு பெரிய குளம் தெரிந்தது, அதில் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னப் படகுகள். மேட்டின் நடுவில், யாரோ நட்டு வைத்த ஒற்றைக் கல் ஒன்று நின்றது. இரண்டு ஆள் உயரம். ஒரு பக்கம் பாசி, மறு பக்கம் வெயில்.

"இதுதான் அக்கா இஞ்சத்தைப் பேர்போன கல்லு. ஆயிரக்கணக்கான வருசம் எண்டு சொல்லுவினம்."

"ஆர் நட்டது?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"என்னத்துக்கு நட்டவையாம்?"

"அதுவும் தெரியாது."

அவன் குளத்தடிக்குப் போய் எங்கள் இருவருக்கும் படகு பதிந்துவிட்டு வருவதாகச் சொன்னான். மத்தியானத்துக்குப் பிறகு சனம் கூடிவிடும். என் முழங்கால் அதற்குமேல் ஏறி இறங்கச் சம்மதிக்கவில்லை.

"அரை மணித்தியாலம் இதிலை இருங்கோ. தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு இறங்கினான்.

நானும் ஐந்து நிமிடம் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கல்தான் என்னை இருக்கவிடவில்லை. யார் நட்டது என்று தெரியாது, எதற்கு நட்டது என்று தெரியாது, கூரை இல்லை, கதவு இல்லை, ஊருக்கு வெளியே வெட்டையில் தனியாக நிற்கிறது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. வைரவர். காவல் தெய்வம். போகிற வழியில் ஒரு கல் இப்படி நின்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போடாமல் எங்கள் ஆட்கள் கடந்து போகமாட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு அது தெரியவில்லை என்றால் அது அவர்களுடைய பிரச்சினை. வியாழக்கிழமைக்கு முன்னால் எனக்குக் கண்ணில் காட்டப்பட்ட தெய்வம் இது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

செருப்பைக் கழற்றினேன். கல்லடியில் இருந்த புல்லைக் கையால் பிடுங்கி ஒதுக்கினேன். கை எட்டிய உயரத்தில் நல்லெண்ணெய் பூசினேன், போத்தல் முழுவதும் முடிந்தது. சந்தனத்தைக் குழைத்து வட்டமாக ஒரு பொட்டு, அதற்கு நடுவில் குங்குமம். வைரவருக்கு முகம் வந்துவிட்டது. ஒரு தட்டையான கல்லில் மூன்று கட்டி கற்பூரம் வைத்துக் கொளுத்தினேன். கண்ணை மூடினேன். என்ர தம்பிக்கு அந்தக் காட்டைக் கொடுத்துவிடு, பதினொரு வருசம் ஒளிஞ்சு திரிஞ்சது போதும் என்று கேட்டேன். கொஞ்சம் நீட்டித்தான் கேட்டுவிட்டேன்.

கண் திறந்தது மணம் மாறியதால். கற்பூர மணத்துக்குள் வைக்கோல் எரிகிற மணம். நான் பிடுங்கி ஒதுக்கிய புல்லில் நெருப்பு. காற்று அதைப் பற்றைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருடம் விக்டோரியா மாநிலத்தில் வாழ்ந்தவள் நான். நெருப்புத் தடை நாளில் வீட்டு முற்றத்தில் இறைச்சி சுடவே பயப்படுகிற சனம் நாங்கள். த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது மலையடிவாரத்துக் காடு காய்ந்து கிடப்பதைப் பார்த்து, ஒரு பொறி போதும் என்று காரில் இருக்கிறவர்களுக்குப் பிரசங்கம் செய்கிறவளும் நான்தான். அந்த நான் வெறுங்காலோடு நெருப்பை மிதித்தேன். தண்ணீர்ப் போத்தலை ஊற்றினேன். நெருப்பு ஒரு பக்கம் அணைந்து மறு பக்கம் ஓடியது.

மேட்டின் மறுபக்கத்தால் நடைபயணக் கம்புகளோடு ஒரு வயதான கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவர் ஓடி வந்து தன் ஜாக்கெட்டைக் கழற்றி அடித்தார். மனைவி கல்லைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார், எண்ணெய் வடிவதைப் பார்த்தார், போனை எடுத்தார். அந்த நேரத்தில் கீழே இருந்து புகையைக் கண்டு தம்பி ஓடி வந்தான். அவனும் சட்டையைக் கழற்றி அடித்தான். ஒரு மேசை அளவு இடம் கறுத்து, நெருப்பு நின்றது. மனைவி போனில் பேசிய பேச்சில் "ஜொந்தார்மெரி" என்ற சொல் எனக்கே விளங்கியது.

தம்பி என்னைப் பார்த்தான். உதடு வெளுத்திருந்தது.

"போ," என்றேன் தரையைப் பார்த்தபடி. "என்னைத் தெரியாது. நீ வழியில போன ஆள். போ."

"அக்கா..."

"போடா எண்டிறன்."

ஒரு கணம் நின்றான். பிறகு சட்டையை உதறிப் போட்டான், அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் ஏதோ சொன்னான், வழியில் போட்டிருந்த சைக்கிளை எடுத்தான். திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். அவன் முதுகு பற்றைக்குள் மறைந்தபோது எனக்கு மூச்சு வந்தது. இனி என்னைச் சிறையில் போட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஐம்பதை நெருங்கும் மனுசியை என்ன செய்துவிடுவார்கள்?

பத்து நிமிடத்தில் நீல வண்டி ஒன்று பாதையால் ஏறி வந்தது. அதற்குப் பின்னால், சைக்கிளை உருட்டிக்கொண்டு, தம்பி. கீழே போனவனை வண்டி மறித்திருக்கிறது. நெருப்பைக் கண்ட சாட்சி என்று கூட்டி வந்திருக்கிறார்கள்.

இறங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர் தொந்தி வைத்த வயதாளி. மற்றது இளம் பெண், என் மகளின் வயது இருக்கும், தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் என்னிடம் வந்து ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டாள். இங்கேதான் நான் இரண்டாவது பிழையைச் செய்தேன். ஆங்கிலம் தெரியும் என்றால் கேள்வி கேட்பார்கள், யாரோடு வந்தாய் என்று தோண்டுவார்கள், தெரியாது என்றால் விட்டுவிடுவார்கள் என்று என் மூளை சொன்னது. தலையை ஆட்டி, "தமிழ், தமிழ்" என்றேன். அவள் என் பாஸ்போர்ட்டை வாங்கினாள். அதன் அட்டையில் கங்காருவும் ஈமுவும் நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டை வயதாளியிடம் கொடுத்தாள். அந்த நடைபயண மனைவி தம்பியைக் காட்டி ஏதோ சொன்னார். இவர்கள் இருவரும் ஒரே பாஷையில் பேசினார்கள் என்று சொல்லியிருக்கிறார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நானேதான்.

இளம் பெண் தம்பியைக் கூப்பிட்டு எனக்கும் அவளுக்கும் நடுவில் நிறுத்தினாள்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, பயம் இல்லை, என்னைத் தெரியும் என்ற சாயல் மருந்துக்கும் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் நிற்கிற யாரோ ஒரு மனுசியைப் பார்க்கிற முகம்.

"அன்ரி, வணக்கம்," என்றான். "இவை கேக்கிறதை நான் உங்களுக்குச் சொல்லுறன். நீங்கள் சொல்லுறதை அவைக்குச் சொல்லுறன். சரியோ?"

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு கண்ட என் தம்பி என்னை அன்ரி என்றான். நான்தான் அவனை அப்படி நிற்கச் சொன்னேன். ஆனாலும் நெஞ்சுக்குள் யாரோ கையை விட்டுத் திருகியதுபோல் இருந்தது.

"ஓம் தம்பி," என்றேன். "சரி."

"ஆரோட வந்தனீங்கள் எண்டு கேக்கினம்."

"தனியத்தான்."

வயதாளி என் பையைத் திறந்து பார்த்தார். இரண்டு புட்டுப் பார்சல்களையும் வெளியே எடுத்தார். இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு பேருக்குச் சாப்பாடு இருக்காம், மற்றது ஆருக்கு எண்டு கேக்கிறார், அன்ரி."

"ரெண்டும் எனக்குத்தான். எனக்கு நல்லாப் பசிக்கும் எண்டு சொல்லுங்கோ."

அவன் அதை அப்படியே சொன்னான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. வயதாளி என் உருவத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்சல்களைத் திரும்ப வைத்தார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஏன் அன்ரி கல்லுக்கு எண்ணெய் பூசி நெருப்பு வைச்சனீங்கள்? இது அரசாங்கம் காக்கிற சின்னமாம். இந்த மாதம் இந்த மேட்டில நெருப்புக் கொளுத்தவே கூடாதாம். கீழ அறிவித்தல் பலகை வைச்சிருக்காம்."

"எங்கட பக்கத்தில இப்பிடி நிக்கிற கல்லைச் சாமி எண்டு கும்பிடுவம். அவமரியாதையாச் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. மரியாதையாத்தான் செய்தனான்."

அவன் சொன்னான். இளம் பெண் யோசித்தாள். இன்னொரு கேள்வி கேட்டாள்.

"என்னத்துக்காகக் கும்பிட்டனீங்கள் எண்டு கேக்கிறா."

அவனுக்குத் தெரியும் நான் எதற்காகக் கும்பிட்டேன் என்று. பொய் சொல்லலாம்தான். அந்தக் கல்லுக்கு முன்னால், குங்குமம் காயுமுன்னம் என்னால் முடியவில்லை.

"எங்கட வீட்டில ஒரு ஆளுக்கு ஒரு காரியம் நடக்க வேணும். அவன் கன வருசம் கஷ்டப்பட்டவன். அவனுக்காகக் கும்பிட்டனான்."

அவன் வாயைத் திறந்தான், ஒரு சொல்லுக்கு நின்றான், பிறகு பிரெஞ்சில் சொல்லி முடித்தான். முகம் மாறவில்லை. கழுத்து நரம்பு மட்டும் வேகமாகத் துடித்தது. முப்பது வருடம் நாடி பார்க்கிற தாதிக்கு அது தப்பாது. எனக்குப் போதும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இளம் பெண் எழுதிக்கொண்டு அவனிடம் கையை நீட்டினாள். சாட்சியின் பத்திரமும் வேண்டும். இதுதான் நான் பயந்த இடம். அவன் காற்சட்டைப் பொக்கற்றில் இருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த கடிதத்தை எடுத்தான், வியாழக்கிழமைக் கடிதம். வேறு பத்திரம் அவனிடம் இல்லை. அவள் அதை விரித்து வாசித்தாள். வயதாளி இன்னும் கையில் வைத்திருந்த என் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். அதை வாங்கி விரித்து, கடிதத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. அப்பாவின் பெயர்தான் அந்த இடத்தில் நிற்கும். பத்திரங்களை மாற்றுகிற தொல்லைக்குப் பயந்து, கல்யாணத்துக்குப் பிறகும் நான் அப்பாவின் பெயரையே வைத்திருந்தேன். ஆங்கில எழுத்தில் எழுதினால் வரி முழுவதையும் பிடிக்கிற நீளமான பெயர். அந்த இரண்டு தாள்களிலும் அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.

அவள் வரியின் கீழே விரலை வைத்து ஒரு தாளைப் பார்த்தாள், மற்றத் தாளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தையும் அவன் முகத்தையும். எங்கள் இருவருக்கும் அப்பாவின் மூக்கு. நான் கல்லைப் பார்த்தேன். கேட்பதற்கு என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை. கால் எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

அவள் தம்பியிடம் ஏதோ மெதுவாகக் கேட்டாள். அவன் "உய்" என்றான். அவள் கடிதத்தை வந்த மடிப்பிலேயே மடித்து உறைக்குள் போட்டு அவனிடம் கொடுத்தாள். என் பாஸ்போர்ட்டை என்னிடம் கொடுத்தாள். எழுதிய தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. வயதாளி எனக்கு நீளமாக ஒரு ஏச்சு ஏசினார். கல்லைத் தொடக்கூடாது, துடைக்கவும் கூடாது, அதற்கென்று படித்த ஆட்கள் வந்து பார்ப்பார்கள் என்று தம்பி மொழிபெயர்த்தான். எல்லாரும் போனார்கள். அந்த நடைபயண மனைவி கடைசியாகப் போகும்போது என் காலைக் காட்டி, தன் பையில் இருந்து ஒரு களிம்பை எடுத்துத் தந்துவிட்டுப் போனார்.

நீல வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் நாங்கள் தள்ளித் தள்ளித்தான் நின்றோம்.

"என்ன கேட்டவள்?" என்றேன்.

"'உங்கட நாட்டில இந்தப் பேர் கனபேருக்கு இருக்கும் போல' எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டு சொன்னனான்."

"அவளுக்கு விளங்கியிட்டுது."

"விளங்காமல் இருக்குமோ?" அவன் சைக்கிளைப் புல்லில் தள்ளிவிட்டான். "உங்களை ஆர் அக்கா எனக்காகக் கும்பிடச் சொன்னது? நான் கேட்டனானோ? தண்ணியைக் குடிச்சுக்கொண்டு இருங்கோ எண்டுதானே சொன்னனான். பதினொரு வருசம். ஒரு சிவப்பு லைட்டில கூட நான் கடந்ததில்லை அக்கா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று வேறு யாருக்காவது நடந்திருந்தால் சொல்லியிருப்பேன். மன்னிச்சுக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. தம்பிமாரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழகாத அக்கா நான்.

படகில் ஏறவில்லை. கால்வாய்க் கதவடியில் இருந்து புட்டைச் சாப்பிட்டோம், ஆளுக்கொரு பார்சல். அவன் என் காலுக்குக் களிம்பு பூசிவிட்டான். கொஞ்சம் ஆறியபிறகு கேட்டேன்.

"நீ எப்பிடியடா அப்பிடி நிண்டனீ? ஒரு சாடையும் காட்டாமல்?"

"பழக்கம்," என்றான்.

வியாழக்கிழமை அவனோடு கந்தோர் வாசல்வரைதான் போனேன். விபூதிகூடப் பூசிவிடவில்லை. எதிர்ப்புறக் கடையில் ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்தேன். அந்தக் கறுத்த புல் கணினியில் ஏறியிருக்குமா, அந்தப் பெண் எழுதாவிட்டாலும் வயதாளி எழுதியிருப்பாரா என்று கோப்பி ஆறும்வரை நினைத்தேன், ஆறிய பிறகும் நினைத்தேன். அவன் வெளியே வந்தான். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டார்களாம், தீர்மானம் தபாலில் வருமாம். பொலிசைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் நான் மெல்பேர்னுக்குத் திரும்பினேன்.

ஐந்து மாதம் கழித்து, நான் காலை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. காட். பெயர், பிறந்த திகதி, அப்பாவின் நீளமான பெயர், வேலை செய்யலாம் என்ற வரி. காரை வீட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு அழுதேன். பத்து நிமிடம் பிந்தித்தான் வேலைக்குப் போனேன். என் வேலை வரலாற்றில் அது முதல் தடவை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். அப்போதுதான் அவனுடைய முகத்தைச் சரியாகக் கவனித்தேன். கோபம் இல்லை, பயம் இல்லை, யாரையும் தெரியும் என்ற சாயல் இல்லை. கல்லடியில் அன்ரி என்று என்னைக் கூப்பிட்ட அதே முகம். அந்தப் படத்தை விண்ணப்பப் பாரம் நிரப்பும்போதே எடுத்திருப்பார்கள், நான் போவதற்கு மாதங்களுக்கு முன்னமே. அப்படியானால் அந்த முகம் எனக்காக அன்றைக்கு அவன் போட்டது இல்லை.

அன்றைக்குப் போன் எடுத்தேன். குசினிச் சத்தத்துக்குள் அவன் குரல் சந்தோசமாகத்தான் இருந்தது. மார்கழியில் மெல்பேர்னுக்கு வாறன் என்றான். சிரிச்சபடி ஒரு படம் எடுத்து அனுப்படா, ஹோலில் மாட்ட வேணும் என்றேன். ஓம் அக்கா, அனுப்புறன் என்றான்.

நான் வழக்கம்போல் சும்மா இருக்காமல் பிறகும் இரண்டு தடவை கேட்டேன். மூன்றாம் தடவை ஒரு படம் அனுப்பினான். சிரிச்சுப் பார்த்தன் அக்கா, இதுக்கு மேல வருதில்லை என்று கீழே எழுதியிருந்தான்.